அப்பா பொணம், அம்மா அழணும்

சரியாகச் சொல்வேனா என்று தெரியவில்லை கண்ணு. முன்னே சொல்ல வேண்டியதைப் பின்னே சொல்லிவிடுவேன். ஆறாவதோடு நின்றவள் நான். என் வாயிலிருந்து ஒன்று வெளியே வந்தால் அது போய்ச் சேருகிற இடம் வேறாக இருக்கிறது. அந்தப் பயம் எனக்கு இப்போது ரொம்ப உண்டு. நீங்கள் கேட்டுவிட்டீர்கள், அதனால் சொல்கிறேன். தப்பாகச் சொல்லிவிட்டால் மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் குட்டி அந்த பிளாஸ்டிக் டம்ளரை நீட்டி "டீ குடிங்க" என்றாள். நான் கையை இழுத்துக்கொண்டேன். உங்களுக்கு முகம் சுருங்கிவிட்டது. "சும்மா வாங்கிக் குடிக்கற மாதிரி பண்ணுங்கக்கா, வெளையாட்டுதானே" என்றீர்கள். விளையாட்டுதான். அதனால்தான் கையை இழுத்தேன்.

இந்த மாலையைக் கொஞ்சம் கீழே வைக்கிறேன், உங்கள் மேல் ஈரம் படுகிறது. என் பெரியம்மா தவறிவிட்டார். பரமத்தி வேலூருக்குப் போகிறேன். நீங்களும் இந்த பஸ்ஸில் கடைசி வரைக்கும்தானே? அப்படியென்றால் நேரம் இருக்கிறது.

எனக்கும் ஒரு பெண் குழந்தைதான். தன்விகா. வீட்டில் பாப்பா என்போம். கல்யாணமாகிப் பதினாலு வருஷம் கழித்துப் பிறந்தவள். இப்போது ஆறு வயது. வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார். சங்ககிரியில் வீட்டுக்கு ஒருவர் லாரியில்தான் இருப்பார், உங்களுக்குத் தெரியுமே. லோடு ஏற்றிக்கொண்டு கிளம்பினால் நாக்பூர், இந்தூர் என்று எட்டு நாள், பத்து நாள். திரும்பி வந்தால் குளித்துவிட்டு, கூடத்துத் தரையில் அப்படியே மல்லாந்து படுப்பார். மனிதர் தூங்கத்தான் படுக்கிறார் என்று நினைப்பீர்கள். இல்லை. பாப்பாவுக்கு விளையாடக் கிடைக்கிற சாமானாகப் படுக்கிறார்.

அவள் அவர் வயிற்றின் மேல் ஏறிக் கியர் போடுவாள். காதைத் திருகினால் ஹாரன். முட்டியைக் கழற்றி ஸ்டெப்னி மாற்றுவாள். ஒருநாள் செக்போஸ்ட் வைத்துவிட்டாள். சமையலறைக்குப் போகிற வழியில் துடைப்பத்தைக் குறுக்கே போட்டு, "பேப்பர் எங்கய்யா?" என்கிறாள். "சார், சார், புள்ளகுட்டிக்காரன் சார், விட்டுருங்க சார்" என்று இவர் கும்பிடுகிறார். நான் சாம்பாரை இறக்கி வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த மாதிரி ஒரு மனிதரைப் பற்றித்தான் நான்... சரி, வருகிறேன்.

நானா? நான் விளையாடினதில்லை அம்மிணி. பதினாலு வருஷம் கழித்து வந்த பிள்ளை விழாமல் இருக்கிறதா, சாப்பிட்டதா, கண் பட்டதா என்று பார்ப்பதற்கே எனக்குப் பொழுது சரியாக இருந்தது. அவர் கூப்பிடுவார். "ஏம்புள்ள தெய்வான, நீயும் ஒருக்கா வந்து உக்காரு. லாரிக்கு ஒரு கிளீனர் வேணுமாம்." "உங்க ஆட்டத்த நீங்களே ஆடுங்க. அடுப்புல பால் இருக்குது" என்பேன். பால் இருக்காது சில நாள்.

அப்புறம் பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டார்கள். எல்.கே.ஜி.தான். வீட்டில் யார் கூட விளையாடுவாய் என்று டீச்சர் படம் வரையச் சொன்னாராம். பாப்பா தாள் முழுக்க அப்பாவை வரைந்திருந்தாள். காலுக்குப் பதில் டயர். ஒரு மூலையில் குச்சி குச்சியாக ஓர் உருவம்.

"இது யாருங்க?" என்றார் டீச்சர்.

"நான்தானுங்க டீச்சர். கையில இருக்கறது கரண்டிங்க."

"நீங்களும் கொஞ்சம் உக்காந்து வெளையாடணும்மா. அம்மா அப்பா ரெண்டு பேரும் சேர்ந்து வெளையாடினாத்தான் கொழந்தைக்கு மனசு தெளியும்."

படித்தவர் சொல்கிறார். எனக்கு அன்று முழுக்க அந்தக் குச்சி உருவம்தான் கண்ணில் நின்றது. அடுத்த முறை கூப்பிட்டால் போய்விடுவது என்று முடிவு பண்ணி, பாப்பாவிடமும் சொல்லி வைத்தேன். பாருங்கள், நல்லது செய்யத்தான் போனேன். அதை மறந்துவிடாதீர்கள்.

அந்த வாரம் பக்கத்துத் தெருவில் ஒரு பெரியவர் செத்துப்போனார். பாப்பாவை விட்டுப் போக ஆளில்லாமல் கூடவே கூட்டிக்கொண்டு போனேன். அதுவும் என் தப்புதான். அங்கே நான் பாடினேன். இதைச் சொல்ல வேண்டும். என் அம்மா ஒப்பாரிக்குப் பேர் போனவர். படிப்பு நின்ற பிறகு எந்த எழவென்றாலும் என்னையும் இழுத்துக்கொண்டு போவார். கேட்டுக் கேட்டு எனக்கும் வந்துவிட்டது. இப்போதும் எங்கள் பக்கம் ஒரு சாவு விழுந்தால் "தெய்வான வந்துட்டாளா?" என்றுதான் கேட்பார்கள்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. எழவு வீட்டில் பாடியதை மறுநாள் யாரும் எடுத்துப் பேசக் கூடாது. மாமியார் பிணத்தின் முன்னால் மருமகள் முப்பது வருஷத்து ஆற்றாமையையும் பாட்டாகக் கொட்டுவாள். மாமனார் பக்கத்திலேயே உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பார். கேட்டும் கேட்காத மாதிரி. செத்தவருக்குக் காது இல்லை, இருப்பவர்களுக்கு வாய் இல்லை. "பொம்பளைக்கு அது ஒண்ணுதான்டி மைக்கு" என்று என் அம்மா சொல்வார்.

பாப்பா அங்கே எல்லாவற்றையும் பார்த்து வைத்துக்கொண்டிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வந்து குளித்துப் படுத்ததும் உத்தரவு போட்டாள்.

"இன்னைக்கு லாரி இல்ல. அப்பா பொணம். நான் மேளம். அம்மா அழணும்."

"ஐயோ சாமி, அதெல்லாம் ஆகாது. வேற வெளையாடு."

"நீ வருவேன்னு சொன்னீல்ல?"

"வரேன் கண்ணு. சோறாக்கி வெளையாடலாம்."

நான் மூன்று தடவை சொன்னேன் அம்மிணி. மூன்று தடவை. அவர்தான், "புள்ள ஆசப்படுதில்ல. சும்மா ரெண்டு வரி எடுத்து உடு. எனக்கு யாரு இப்பிடிப் பாடப் போறா? உசுரோட இருக்கறப்பவே கேட்டுக்கறேன்" என்று சிரித்தார். அவர்தான் சொன்னார். இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பாப்பா அவர் கால் கட்டைவிரல் இரண்டையும் தன் ரிப்பனால் சேர்த்துக் கட்டினாள். நெற்றியில் ஒரு ரூபாய்க் காசு. தாடையைச் சுற்றி இன்னொரு ரிப்பன், உச்சந்தலையில் முடிச்சு. வேட்டியை மார்பு வரை போர்த்திவிட்டாள். வாய்க்கரிசிக்குக் கிண்ணத்தில் பொரி. பொரியைப் போட்டதும் பொணம் மென்று தின்றுவிட்டு எழுந்து அவளைத் துரத்த வேண்டும். அது ஆட்டத்தின் முடிவு. பிஸ்கட் டப்பாவை எடுத்துத் தட்ட ஆரம்பித்தாள். நான் தலைமாட்டில் உட்கார்ந்தேன்.

விளையாட்டுக்குத்தான் ஆரம்பித்தேன். எல்லார் வீட்டிலும் பாடுகிற மாதிரி.

"பொன்னான தேரேறி — என் ராசா
போற எடம் சொல்லலியே..."

அவர் வயிறு குலுங்கியது. "பொணம் சிரிக்கக் கூடாது!" என்று பாப்பா அதட்டினாள். எனக்கும் சிரிப்புத்தான். அன்றுதான் முதல் முறையாக மூன்று பேரும் ஒன்றாகத் தரையில் இருந்தோம். அந்தச் சிரிப்போடு நிறுத்தியிருக்கலாம்.

ஆனால் ஒப்பாரியில் மூன்று நான்கு வரிக்கு மேல் யாரும் யோசித்துப் பாடுவதில்லை. வாய் தானாகப் போகும். கண்ணை மூடிக்கொண்டால் முன்னால் ஒரு பிணம் இருக்கிறது, அவ்வளவுதான்.

"எட்டுநாள் லோடேத்தி — நீங்க
எட்டாத ஊருபோக
எட்டிப் பாத்த சனத்துக்கெல்லாம்
எளப்பமா நின்னேனே..."

அதுவரைக்கும்கூடப் பரவாயில்லை. அதற்கப்புறம்,

"பதினாலு வருசமா — உங்க
பொறந்தவ பேசையில
பக்கத்துல நின்ன ராசா
பதிலொண்ணு பேசலியே..."

அப்புறம்தான் அது வந்தது.

"சட்டப் பையிக்குள்ள — என் ராசா
சின்னப்புள்ள போட்டோவாம்
தொவைக்கையில நானெடுத்துத்
தொண்டையில முழுங்கினேனே..."

அது என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டும், இல்லையா. கல்யாணமாகி எட்டாவது வருஷம். குழந்தை இல்லை. அவருடைய அக்கா செல்லாயி, ராசிபுரத்தில் இருக்கிறார், ஒரு பெண்ணின் போட்டோவைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். என் முன்னால் இல்லை. இவர் அதை வாங்கிச் சட்டைப் பையில் வைத்திருந்தார். இரண்டு நாள் கழித்துச் சட்டை துவைக்கப் போட்டபோது என் கைக்கு வந்தது. பாவாடை தாவணி போட்ட பெண். பத்தொன்பது வயது இருக்கும். நான் அதைக் கிழித்து அடுப்பில் போட்டேன். அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இரண்டாம் கல்யாணம் ஒன்றும் நடக்கவில்லை. முடிந்துபோன விஷயம். அதை நினைத்துக்கொண்டே நான் வாழவில்லை அம்மிணி, சத்தியமாக. பதினோரு வருஷமாக அது எனக்குள் எங்கே இருந்தது என்றே எனக்குத் தெரியாது.

எவ்வளவு நேரம் பாடினேன் என்று தெரியவில்லை. மாரில் அடித்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. மேளம் எப்போது நின்றது என்று தெரியவில்லை. "அம்மா போதும், அம்மா போதும்" என்று பாப்பா என் கையைப் பிடித்து இழுத்த பிறகுதான் கண்ணைத் திறந்தேன்.

அவர் எழுந்திருக்கவில்லை. கண்ணைத் திறந்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். நெற்றியில் காசு அப்படியே இருந்தது.

வாசலில் ஆள். எதிர்வீட்டுக் கோகிலா, தையல் மெஷினிலிருந்து அப்படியே எழுந்து வந்திருக்கிறாள், கழுத்தில் இஞ்ச் டேப் தொங்குகிறது. அவள் பின்னால் தெருவே நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு என் குரலில் ஒப்பாரி கேட்டால் யார்தான் வரமாட்டார்கள்? கட்டின காலையும் நெற்றிக் காசையும் பார்த்து, "ஐயோ அண்ணா!" என்று கோகிலா அலறினாள். அந்த அலறலில்தான் அவர் எழுந்து உட்கார்ந்தார். அதைப் பார்த்து அவள் இன்னொரு முறை அலறினாள்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். தெருவும் சிரித்தது. "பொய்ச் சாவுச் சேதி வந்தா ஆயுசு கெட்டி" என்று யாரோ சொன்னார்கள். "சேதிக்குத்தான் கெட்டி, ஒப்பாரிக்கு இல்ல" என்று இன்னொருத்தி சொன்னாள். அதை நான் காதில் வாங்கிக்கொண்டேன்.

ஆனால் கோகிலா வாசலுக்கு வரும்போதே ராசிபுரத்துக்குப் போன் போட்டிருக்கிறாள். "அண்ணா போயிருச்சுங்க" என்று. திருப்பிக் கூப்பிட்டால் செல்லாயி அண்ணி எடுக்கவே இல்லை. அழுகிறவர் எங்கே போன் எடுப்பார்? ஒன்றேகால் மணி நேரத்தில் கார் வந்து நின்றது. அண்ணி தலையை விரித்துப் போட்டுக்கொண்டு, "என் தம்பீ..." என்று இறங்கினார். கூட ஆறு பேர். ஆளுயர மாலை. தம்பி திண்டாடிப்போய் வாசலில் நிற்கிறார், சாப்பிட்டுக் கழுவிய கையில் ஈரம். அண்ணி அவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் அந்த மாலையாலேயே நாலு அடி அடித்தார். ரோஜா இதழ் வாசல் முழுக்க.

அதோடு போயிருந்தாலும் சரி. கோகிலா வாய் சும்மா இருக்குமா? "போட்டோன்னு என்னமோ பாடுச்சுங்க தெய்வானக்கா" என்று வத்தி வைத்துவிட்டாள். எழவு வீட்டில் பாடினதை எடுத்துப் பேசக் கூடாதுதான். ஆனால் இது எழவு வீடு இல்லையே. இங்கே செத்தவர் யாரும் இல்லையே. அதுதான் நான் செய்த தப்பு, புரிகிறதா? காது இருக்கிற மனிதரின் முன்னால் பாடிவிட்டேன்.

அண்ணி என்னைப் பார்த்தார். "வெளையாட்டுன்னு சொல்லி உள்ள இருக்கற வெசத்தையெல்லாம் கக்கிட்டியாடி? என் தம்பி உசுரோட இருக்கறப்பவே பாடை கட்டிட்டயே! வெளையாடத் தெரியாதவ எதுக்குடி வெளையாடப் போன?"

நியாயமான கேள்விதானே.

அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. மறுநாள் லோடுக்குப் போய்விட்டார். பதினோரு நாள் கழித்து வந்தார். குளித்தார். கூடத்துக்கு வரவில்லை. கட்டிலில் போய்ப் படுத்துக்கொண்டார். பாப்பா தலையணையை ஸ்டியரிங்காகப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் போய் நின்றாள். "அப்பாவுக்குத் தூக்கம் வருது சாமி" என்றார். அடுத்த நடையும் அப்படியே. அதற்கடுத்த நடையும். அவள் துடைப்பத்தைக் குறுக்கே போட்டுவிட்டுக் காத்திருப்பாள். அவர் அதைத் தாண்டிப் போவார். பேப்பர் எங்கே என்று அவள் கேட்டால் தலையைத் தடவிக்கொடுத்துவிட்டுப் போவார்.

நான் விளையாடலாம் என்று உட்கார்ந்தேன். "நீ வேண்டாம். நீ நெசமா அழுவ" என்றாள்.

நானே அவரிடம் பேசினேன். பயந்து பயந்துதான். சோறு போட்டுக்கொண்டே, "அது சும்மா பாட்டுக்கு வந்ததுங்க. யாரோ பாடுனத எடுத்துப் பாடிட்டேன். போட்டோவும் இல்ல ஒண்ணும் இல்ல" என்றேன்.

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அப்புறம் சொன்னார், "அத நீதான் எடுத்தியா? எங்கயோ உளுந்துருச்சுன்னு வண்டி பூராவும் தேடுனேன்."

எப்படிப்பட்ட மனிதர், பாருங்கள். ஒன்றையும் மனதில் மறைக்கத் தெரியாது. குழந்தை மாதிரி. அப்படிப்பட்டவரைப் போய் நான் சந்தியில் நிறுத்திவிட்டேனே என்று அன்றைக்கெல்லாம் எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால்தான் இறங்கவில்லை. வேறு ஒன்றும் இல்லை.

ஒருநாள் பாப்பாவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். திடீரென்று கேட்டாள்.

"அம்மா, அப்பா அன்னைக்கே செத்துட்டாங்களா?"

"வாயக் கழுவு! என்ன பேச்சு இது?"

"பொரி போடவே இல்லையே. பொரி போட்டாத்தான எந்திரிப்பாங்க? நீ அழுதுட்டே இருந்தியா, நான் போட மறந்துட்டேன்."

இரண்டு மாதமாக அந்தக் குழந்தை தன் தப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. நான் செய்ததை அது சுமந்துகொண்டிருக்கிறது. அவள் படத்தில் ஓரமாக, கரண்டியோடு நின்றேனே, அங்கேயே நின்றிருக்க வேண்டியவள் நான்.

அடுத்த முறை அவர் வந்து குளித்து முடிப்பதற்குள் நான் கூடத்தில் போய்ப் படுத்துக்கொண்டேன். தரையில், மல்லாந்து. "பாப்பா, இன்னைக்கு அம்மா பொணம். நீயும் அப்பாவும் மேளம்" என்றேன்.

அவள் சந்தேகமாகப் பார்த்தாள். "நீ பாட மாட்டியே?"

"பொணம் எங்கயாச்சும் பாடுமா சாமி?"

அவர் துண்டோடு வந்து வாசற்படியில் நின்றார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். காலைக் கட்டினாள். நெற்றியில் காசு வைத்தாள், சில்லென்று இருந்தது. கொஞ்ச நேரம் டப்பாச் சத்தம் மட்டும், ஒற்றையாக. அப்புறம் அடுக்களையில் தட்டு ஒன்றை எடுக்கிற சத்தம். அப்புறம் இரண்டு மேளம். சாவு மேளத்தை அவர் அவ்வளவு நன்றாக அடிப்பார் என்று எனக்கு அதுவரை தெரியாது. பாப்பா கெக்கே கெக்கே என்று சிரிக்கிறாள். இரண்டு பேரும் என்னைச் சுற்றிச் சுற்றி ஆடுகிறார்கள். தரை அதிர்கிறது. எனக்குக் கண்ணோரம் தண்ணீர் வந்தது. பொணம் அழக் கூடாது என்று அடக்கிக்கொண்டேன். கடைசியில் வாயில் பொரி போட்டாள். மென்றுகொண்டே எழுந்து துரத்தினேன். அவரையும் துரத்தினேன். அவர் ஓடினார்.

இப்போது எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. லாரி, செக்போஸ்ட், எல்லாம் திரும்பி வந்துவிட்டன. அவர் வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒரு ஆட்டம் மட்டும் மூன்று பேரும் ஆடுவோம். அதில் எப்போதும் நான்தான் பொணம். பாப்பா போன வாரம் வரைந்த படத்தில் நான் நடுவில் இருக்கிறேன், படுத்தபடி. டீச்சருக்குக் காட்டாதே என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

உங்கள் குட்டி இன்னும் டம்ளரை நீட்டிக்கொண்டுதான் இருக்கிறாள். கொடு கண்ணு. குடித்துவிட்டேன் பார். சர்க்கரை சரியாக இருக்கிறது. இதற்கு மேல் என்னிடம் ஒன்றும் கேட்காதே.

வேலூர் வந்துவிட்டது போலிருக்கிறது. பெரியம்மா வீட்டில் எல்லோரும் எனக்காகத்தான் காத்திருப்பார்கள். தொண்டை சரியில்லை என்று சொல்லிவிடுவேன். காலையில் அவரும் நாக்பூரிலிருந்து போன் பண்ணினார். "போயி மாலையப் போட்டுட்டு, கம்முன்னு உக்காந்துட்டு வந்துரு" என்றார். நல்லதுக்குத்தான் சொல்கிறார்.

ஒன்று சொல்ல விட்டுப்போய்விட்டது. நான் பொணமாகப் படுத்த முதல் தடவை பாப்பா என் காலை மட்டும்தான் கட்டினாள். இன்னொரு ரிப்பனைக் காணவில்லை, பரவாயில்லை என்றாள். எனக்குத்தான் மனது கேட்கவில்லை. கண்ணை மூடிப் படுத்து, மேளம் அடிக்க ஆரம்பித்தால், என் வாய் எப்படி என்று எனக்குத் தெரியாதா? அடுத்த நாளே கடைவீதிக்குப் போய் இரண்டு முழம் ரிப்பன் வாங்கி வந்தேன். அகல ரிப்பனாகப் பார்த்து. இப்போதெல்லாம் ஆட்டம் தொடங்குமுன் அதை நானே எடுத்து, தாடைக்குக் கீழே கொடுத்து, உச்சந்தலையில் இரண்டு முடிச்சாகப் போட்டு, பல்லோடு பல் சேர்கிற மாதிரி இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் படுக்கிறேன்.